சேதுக் காசுகள் யாருடையவை?

காசொன்று கிடைத்தால் அதிற் பொறித்த சொல்லை முதலிற் படித்தல் வழக்கம். சொல்லொன்றையே நம்பின் தவறு நேர்தலுமுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கண்டெடுக்கப்படும் பழைய செப்புக் காசுகள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றுட் பலவற்றின் ஒரு புறத்திலே படுத்திருக்கும் இடபமும், மேலே பிறையும், கீழே ‘சேது’ என்னும் தமிழெழுத்துக்களும் உள.

சேது என்றதும் இராமநாதபுரத்துச் சேதுபதிகளே நினைவுக்கு வருவர். இவற்றை அவர்க்குரியவை எனக் கருதினாரும் உளர். ஆயின், மறுபுறத்தில் நிற்கும் மனித உருவம் பொலன்னறுவை மன்னர் காசுகளின் அமைப்பைத் தழுவியது. அம்மன்னருள் முதலாம் பராக்கிரமபாகு ஆண்டது 1153 முதல் 1186 வரை. சேதுபதிகளின் ஆட்சி நிலைபெற்றதோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நானூறு ஆண்டுகளின் பின் இலங்கைக் காசுருவம் இராமநாதபுரத்திலே தோன்றிற்றென்றல் பொருந்தாது.

கேகாலைப் பகுதியின் கோட்டகமக் கல்வெட்டு இம்முடிவை வலியுறுத்துகின்றது. சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைப் பாடும் அத்தமிழ்ச் செய்யுளும் ‘சேது’ என்ற சொல்லோடே தொடங்குகின்றது. எனவே, அது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் மங்கலமொழி, காசுகளும் அவர்களுடையவையே.

1619இல் போர்த்துக்கேயர்வயப்பட்ட அவ்வரசு விட்டுச் சென்ற சான்றுகள் சிலவே. ஆதலின், கிடைத்த இடத்தைக் குறியாது பழங்காசை உருக்குவோர் அதன் வரலாற்றில் ஓர் ஏட்டை எரிப்போராவர்.