தெய்வத்தை அருந்துதல்: ஹிற்றைற் வினைச்சொல் ஒன்றின் பொருள்

கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் அனற்றோலியாவிற் பேரரசு நிறுவிய ஹிற்றைற் மக்களின் மொழி, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மறைந்து கிடந்தது. 1906 இல் ஹூகோ விங்க்லர் பொகாஸ்கோயில் தொடங்கிய அகழ்வு, அவர்தம் தலைநகரான ஹற்றூசாவின் களிமண் ஏடுகளைப் பெருந்தொகையாக வெளிக்கொணர்ந்தது. ஆப்பெழுத்தை வாசிக்க முடிந்ததேயன்றி மொழி விளங்கவில்லை. செக் நாட்டறிஞர் பெட்ரிஷ் ஹ்றொஸ்னி 1915 நவம்பர் 24 ஆந் திகதி பேர்லினில் ஆற்றிய உரையிலேயே அது இந்தோ-ஐரோப்பிய மொழி என்பது தெளிவாக நிறுவப்பட்டது.

அவருக்குத் துணைநின்ற புகழ்பெற்ற வாக்கியத்தில் அப்பத்தைக் குறிக்கும் சுமேரியக் குறியீடு ஒன்று இருந்தது. அதனையடுத்து வந்த வினை உண்ணுதலையும், 'வாதர்' என்ற சொல் நீரையும் குறித்தன. எனவே, நீரோடு வந்த 'எகு' என்னும் வினை அருந்துதலைக் குறிக்கவேண்டும் எனப்பட்டது. இம்முடிபு சரியானதே. எனினும், இலத்தீனில் நீரைக் குறிக்கும் 'அக்குவா' என்ற சொல்லோடு இவ்வினையை இணைத்த ஒப்பீடு இன்று பெரிதும் ஏற்கப்படுவதில்லை. அருந்துதலைக் குறிக்கும் தொகாரிய வினையான 'யோக்' என்பதே இதன் உறவுச்சொல்லாகக் கருதப்படுகின்றது. சொற்பொருளை உறுதிசெய்வது ஒலியொப்புமையன்று, வழக்கிடமே என்பது இதனாற் புலனாகும்.

ஆயின், பொருள் தெளிந்த இவ்வினையே வேறோரிடத்து இருண்டுவிடுகின்றது. விழா நடைமுறைகளைக் கூறும் ஏடுகளில், அரசனும் அரசியும் அமர்ந்தோ நின்றோ புயற்கடவுளை 'அருந்துகின்றனர்' என மீண்டும் மீண்டும் வருகின்றது. இங்கே கடவுளின் பெயர் இரண்டாம் வேற்றுமையில் நிற்கின்றது. நீரும் மதுவும் நிற்கவேண்டிய இடத்திலே தெய்வம் நிற்கின்றது.

இதற்கு மூவகை விளக்கம் கூறப்பட்டுள்ளது. தெய்வத்தின் பொருட்டு அருந்துதல் என்பது முதலாவது. தெய்வத்துக்கு அருந்தக் கொடுத்தல் என்பது இரண்டாவது. தெய்வத்தையே அருந்துதல் என்பது மூன்றாவது. ஹான்ஸ் கியூற்றர்பொக் 1998 இல் வெளியான கட்டுரையொன்றில் இந்நேர்ப்பொருளை வலியுறுத்தினார்.

முதலிரு விளக்கங்களும் நமது அறிவுக்கு இசைவானவை. ஆனால் இலக்கணம் அவற்றுக்கு எளிதில் இடந்தருவதில்லை. பானப்படையலைக் குறிக்கும் 'சிபந்த்' என்ற வினையோடு தெய்வப்பெயர் நான்காம் வேற்றுமையில் வருவதை அதே எழுத்தர்கள் நன்கறிவர். 'அருந்தக் கொடு' என்பதற்கும் அம்மொழியில் தனித்தொடர் உண்டு. ஆகவே, இரண்டாம் வேற்றுமையை எழுத்தர் பிழையென ஒதுக்குதல் பொருந்தாது.

நேர்ப்பொருளை ஏற்பின், மற்றொரு வினா எழுகின்றது. அத்தெய்வங்கட்கு விலங்குருவிற் செய்த பானக்கலங்கள் இருந்தன. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையிலுள்ள வெள்ளி மான்கலம் அவ்வகையினது. கலத்திலுள்ள பானத்தைத் தெய்வப்பெயராற் சுட்டினர் எனின், அது நாமறிந்த ஆகுபெயர் போன்றதாகும். அன்றித் தெய்வ ஆற்றலையே உட்கொண்டதாக அவர்கள் நம்பினர் எனின், அது ஆழ்ந்த சமயக் கொள்கையாகும். வேற்றுமையுருபு மட்டும் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்து தராது.

ஒரு வினைச்சொல்லை மொழிபெயர்க்குமிடத்து ஒரு மக்களின் வழிபாட்டையே நாம் வரையறுத்து விடுகின்றோம். 'தெய்வத்தின் பொருட்டு' என எழுதிய மொழிபெயர்ப்பைப் படிப்போர், மூலத்தில் ஒரு புதிர் இருந்தமையையே அறியார். ஆதலின், மொழிபெயர்ப்பில் 'தெய்வத்தை அருந்துகின்றனர்' என்றே எழுதி, விளக்கத்தை வேறாகத் தருவதே நேர்மையான வழியாகும். விளங்காததை விளங்காததாகவே காட்டுவதும் வரலாற்றாசிரியனின் கடமைகளுள் ஒன்று.