ஏரிக்கு வழி எது?

கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அதனைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. கடாரம் என்பது இன்றைய கெடாவே என்பர். ஆதலின் மலேசியத் தமிழர்க்கு அவை இருவகையில் உறவுடையன. கொடுத்த நிலம் 97 வேலிக்குச் சற்று மிகுதி. அதன் எல்லையைப் பெண்யானையைச் சுற்றி நடத்தி உறுதி செய்தனர். பிடி சூழ்தல் என்பது அம்முறையின் பெயர். சோழர் ஆவணங்கள் ஏரியையும் குளத்தையும் ஓடையையும்கூடப் பெயர் சொல்லி எழுதும். அரசன் எழுத்து மட்டும் போதாது, ஊரார் கண்முன் எல்லையை நடந்தும் காட்டவேண்டும் என்பது அக்காலத்தார் கொள்கை.

யானைக்குப் பின் சங்கிலி வந்தது. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். பின்னர் ஊர்தோறும் வயல்களுக்குப் புல எண்கள் அமைந்தன. ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை ஆகியன புறம்போக்கு எனக் குறிக்கப்பட்டன. இச்சொல்லை இன்று வசையாக்கிவிட்டனர். தீர்வைக்குப் புறம்பாக விட்ட பொது நிலம் என்பதே அதன் பொருள்.

இந்நாளில் தமிழ்நாட்டில் மாவட்டம், வட்டம், ஊர், புல எண் ஆகியவற்றைக் கணினியில் இட்டால் பட்டாவும், அ-பதிவேட்டுப் பகுதியும், புலப்படமும் கிடைக்கின்றன. ஏரிக்கரையில் ஒருவன் வேலியிட்டு, 'இவ்வழி எனது' என்றால், ஊரார் அவ்வேலி நிற்கும் புல எண்ணைப் பார்க்கலாம். பட்டா நிலமா, பாதைப் புறம்போக்கா என்பது தெரிந்துவிடும். பட்டா நிலமேயாயினும் வழக்கு முடிந்துவிடாது. 20 ஆண்டுகள் இடையறாது உரிமையோடு நடந்துவந்த வழிக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இடம் தருகிறது.

ஆயினும் வான்படத்தின்மேல் இட்ட எல்லைக்கோட்டை அப்படியே நம்புதல் பிழை. கோடு சில முழம் விலகியிருக்கலாம். அதனை நில அளவர் கல்லோடு ஒப்பிட்டே தீர்க்கவேண்டும். அதனினும் பெரிய மயக்கம் ஒன்றுண்டு. கோடையில் எடுத்த படத்தில் வற்றிய ஏரி புல்வெளியாய்த் தோன்றும். கவர்ந்துகொள்வோர்க்கு அதுவே நல்ல சான்று! உத்தரப்பிரதேசக் குளம் ஒன்றின் வழக்கில், ஒரு பகுதி மேடாகிவிட்டது என்ற வாதத்தை ஏற்க மறுத்து, அந்நிலத்தை வீட்டுமனைகளாக அளித்தது செல்லாது என 2001-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேமரன் மலையிலும் இவ்வினா எழக்கூடியதே. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலையை ஆராய்ந்தபோது ரிங்லெட் ஏரி இல்லை. 1963-இல் சுல்தான் அபு பக்கார் அணை முடிந்து, பெர்த்தாம் ஆற்று நீர் தேங்கியபின் உண்டானது அது. மேட்டு நிலங்களில் அரித்த மண் வந்து படிவதால் ஏரி தூர்ந்து வருகிறது. நேற்று நீராய் இருந்த இடம் இன்று திடலாய்த் தோன்றும். அத்திடல் கரையோர நிலத்தானுக்கு உரியதா என்று வான்படத்தைக் கேட்டுப் பயனில்லை. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி, நில அலுவலகப் பதிவேட்டிலுள்ள லாட் எண்ணையும் அதன் எல்லையையுமே கேட்கவேண்டும்.