மூணு ஊரை விட்டுப் போன வெள்ளை யானை

பேஸ்பால் பத்தி எழுதினா "போய் கிரிக்கெட் ஸ்கோர் பாருய்யா"ன்னு விரட்டுவீங்க, தெரியும் :-) எனக்கும் ஆட்டத்தை விட, ஆட்டத்துக்குப் பின்னாடி இருக்கற கல்லாப்பெட்டி மேலதான் ஆசை ஜாஸ்தி. அந்த வகையில எனக்கு ரொம்பப் பிடிச்சது அத்லெடிக்ஸ்ங்கற அமெரிக்க க்ளப்போட கதை. வேர்ல்ட் சீரிஸ் 9 தடவை ஜெயிச்ச க்ளப். ஆனா மூணு ஊரை அம்போன்னு விட்டுட்டுப் போன க்ளப்பும் இதுதான்.

ஆரம்பம் 1901, ஃபிலடெல்ஃபியா. விளையாட்டுச் சாமான் தயாரிக்கிற பென் ஷைப் பாதி முதல் போட்டார். மேனேஜர் கானி மேக்குக்கு கால் பங்கு. மீதிக் கால் பங்கு ரெண்டு பத்திரிகை நிருபர்களுக்கு. (நிருபருக்கே பங்கு கொடுத்தா நல்லா எழுதாமயா போவாங்க?) 1902ல நியூயார்க் மேனேஜர் ஜான் மெக்ரா, இந்த டீம் ஒரு வெள்ளை யானைன்னு நக்கல் பண்ணினார். தீனி போட்டு மாளாதுங்கற அர்த்தத்துலதான். மேக் அசரலை. அந்த யானையையே டீமோட சின்னமா வெச்சுக்கிட்டார். இன்னிக்கும் அந்த யானைதான் டீமோட சின்னம்.

1910, 1911, 1913 மூணு வருஷமும் கோப்பை. 1914ல ஃபெடரல் லீக்னு ஒரு போட்டிக் கடை திறந்தாங்க. ஆட்டக்காரங்க சம்பளம் எகிறிடுச்சு. மேக்குக்கு வேற தொழில் கிடையாது, டிக்கெட் காசுதான் சோறு. எடி காலின்ஸ்ங்கற நட்சத்திரத்தை 50,000 டாலருக்கு வித்தார். இன்னும் பல பேர் கழண்டுகிட்டாங்க. 1916ல 36 வெற்றி, 117 தோல்வி! 1915 தொடங்கி 7 வருஷம் வரிசையா கடைசி இடம்.

மனுஷன் மறுபடி கட்டினார். 1929, 1930 ரெண்டு வருஷமும் கோப்பை. உடனே பொருளாதார மந்தம். மறுபடி கடை விரிச்சார். 1932ல மூணு பேரை 1 லட்சம் டாலருக்கு வித்தார். 1935க்குள்ள லெஃப்டி க்ரோவ், ஜிம்மி ஃபாக்ஸ் எல்லாரும் பாஸ்டனுக்குப் போயாச்சு. அதுக்கப்புறம் ஃபிலடெல்ஃபியாவில அந்த டீம் எழுந்திருக்கவே இல்லை. 1950ல மேக்கோட பிள்ளைங்க மைதானத்தை அடமானம் வெச்சு மத்த பங்குகளை வாங்கினாங்க. 1954ல சீசன் முழுக்க வந்த கூட்டம் 3 லட்சத்துச் சொச்சம். வட்டி கட்டவே வழியில்லை.

வாங்கினவர் ஆர்னால்ட் ஜான்சன், சிகாகோ வியாபாரி. 1955ல டீம் கன்சாஸ் சிட்டிக்குப் போச்சு. முதல் வருஷமே கிட்டத்தட்ட 14 லட்சம் பேர் வந்தாங்க. இங்கதான் ஒரு வேடிக்கை. ஜான்சன் அதுக்கு முன்னாடியே யாங்கீ ஸ்டேடியத்தையும் வாங்கியிருந்தவர். கன்சாஸ் சிட்டியில தேறின ஆளெல்லாம் வரிசையா நியூயார்க் போனாங்க. 1961ல 61 ஹோம் ரன் அடிச்சு சாதனை பண்ணின ரோஜர் மாரிஸும் அப்படிப் போனவர்தான். நாத்தங்கால் ஒரு ஊரு, அறுவடை வேற ஊரு!

1960ல ஜான்சன் இறந்துட்டார். அடுத்து வந்தவர் இன்ஷூரன்ஸ் தொழில் பண்ணின சார்லி ஃபின்லி. பச்சை-மஞ்சள் சட்டை, வெள்ளை ஷூ, ஊர்வலம் வர ஒரு கோவேறு கழுதைன்னு ஒரே கூத்து. 1968ல டீமை ஓக்லண்டுக்குக் கொண்டு போனார். 1972, 73, 74 மூணு வருஷமும் கோப்பை. மீசை வளர்த்தா 300 டாலர் போனஸ் கொடுத்த ஆள், கேட்ஃபிஷ் ஹண்டருக்கு ஒப்பந்தப்படி இன்ஷூரன்ஸில கட்ட வேண்டிய 50,000 டாலரைக் கட்டலை. 1974 டிசம்பர்ல நடுவர் பீட்டர் சைட்ஸ் "ஒப்பந்தம் முறிஞ்சது, ஹண்டர் எங்க வேணா போகலாம்"னு தீர்ப்பு சொல்லிட்டார். யாங்கீஸ் 30 லட்சம் டாலருக்கு மேல கொடுத்து அள்ளிக்கிட்டுது. ஒரு ஆட்டக்காரனோட உண்மையான சந்தை விலை என்னன்னு மத்த ஆட்டக்காரங்களுக்கெல்லாம் அன்னிக்குதான் புரிஞ்சது.

1976ல மத்தவங்களும் கையை விட்டுப் போகறதுக்குள்ள, ஃபின்லி மூணு பேரை 35 லட்சம் டாலருக்கு வித்தார். கமிஷனர் போவி கூன் அந்த விற்பனையே செல்லாதுன்னுட்டார். ஃபின்லி கோர்ட்டுக்குப் போய்த் தோத்தார். 1979 ஏப்ரல்ல ஒரு ஆட்டத்துக்கு வந்த கூட்டம் வெறும் 653 பேர். நம்மூர் கல்யாணத்துக்கே அதை விட அதிகம் வரும்.

1980ல லீவைஸ் ஜீன்ஸ் குடும்பத்து வால்டர் ஹாஸ், 1 கோடியே 27 லட்சம் டாலருக்கு வாங்கினார். அதே ஊரு, அதே ஸ்டேடியம். 1989ல கோப்பை, 1990ல 29 லட்சம் பேர் கூட்டம்! ஓக்லண்ட் ஜனங்க பேஸ்பால் பார்க்க மாட்டாங்கன்னு யாராவது சொன்னா இந்த ஒரு எண்ணைக் காட்டினாப் போதும்.

ஆனா ஹாஸ் செஞ்ச ஒரு நல்ல காரியமே பின்னால வினையா வந்தது. பக்கத்து சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு அப்போ புது ஸ்டேடியம் வேணும். சான் ஹோசே இருக்கற சான்டா க்ளாரா கவுண்டி உரிமையை அவங்களுக்கு இலவசமா விட்டுக் கொடுத்தார். ஜயன்ட்ஸ் அங்க போகவும் இல்லை, உரிமையைத் திருப்பித் தரவும் இல்லை. பிற்பாடு அத்லெடிக்ஸ் சான் ஹோசேக்குப் போகப் பார்த்தப்போ அதை வெச்சே மறிச்சாங்க. சான் ஹோசே நகராட்சி வழக்குப் போட்டு 2015ல தோத்துப் போச்சு. காரணம், பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாதுன்னு 1922ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு யார் வழக்குல வந்துது தெரியுமா? 1914ல மேக்கை ஓட்டாண்டியாக்கின அதே ஃபெடரல் லீக்கோட ஒரு டீம் போட்ட வழக்கு. செத்துப் போன போட்டிக் கடை நூறு வருஷம் கழிச்சு வந்து வழியை மறிக்குது பாருங்க!

2002ல சுமார் 4 கோடி டாலர் சம்பளப் பட்டியலோட 103 ஆட்டம் ஜெயிச்ச கதை 'மனிபால்' படம் பார்த்தவங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் யாங்கீஸும் 103தான், ஆனா மூணு மடங்கு செலவுல. 2005ல 18 கோடி டாலருக்கு வாங்கினது லூ வுல்ஃப், ஜான் ஃபிஷர் கூட்டணி. ஃபிஷர் 'கேப்' துணிக்கடைக் குடும்பம். ஒரு ஜீன்ஸ் குடும்பம் வாழ வெச்சதை இன்னொரு ஜீன்ஸ் குடும்பம் மூட்டை கட்டினது.

2019ல 97 வெற்றி, 16 லட்சத்துக்கு மேல கூட்டம். அப்புறம் நல்ல ஆளுங்களையெல்லாம் அனுப்பியாச்சு. டிக்கெட் விலையையும் ஏத்தியாச்சு. 2022ல கூட்டம் 8 லட்சத்தைத் தொடலை. உடனே "பாருங்க, ஜனங்க வரலை"ங்கற பேச்சு. 2023 ஜூன்ல ரசிகர்கள் சேர்ந்து ஒரே ஆட்டத்துக்கு 27,759 பேர் வந்து "வித்துட்டுப் போ"ன்னு கத்தினாங்க. அதே வாரம் நெவாடா அரசு லாஸ் வேகஸ் ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரச் சட்டம் போட்டது. நவம்பர்ல 30 ஓனர்களும் ஒருமனதா ஒப்புதல். 2024 செப்டம்பர் 26 கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தாங்க. 2025ல டீம் சாக்ரமென்டோவுக்குப் போய் ஒரு சின்ன லீக் மைதானத்துல ஒண்டுக்குடித்தனம் ஆரம்பிச்சுது. லாஸ் வேகஸ் வீடு 2028ல தயாராகணும்ங்கறது திட்டம்.

மேக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கிட்ட நிஜமாவே காசில்லை. ஃபிஷர் கதை வேற. சரக்கை எடுத்துட்டுக் கடையை காலியா வெச்சுகிட்டு, வாடிக்கையாளர் வரலைன்னு புலம்பறதை வியாபாரம்னு எப்படிச் சொல்றது? மத்த கடைன்னா எதிர்ல ஒருத்தன் கடை போட்டுடுவான். இங்க அது முடியாது. லீக்ல எத்தனை டீம், எந்த ஊர்ல டீம்னு முடிவு பண்றது அந்த 30 ஓனர்கள்தான். அதனால ஊருக்கு ரெண்டே வழி, கேட்டதைக் கொடு, இல்லை டீமை விடு.

யானை வாங்கறது சுலபம், கட்டித் தீனி போடறதுதான் கஷ்டம்னு சொல்லுவாங்க. இந்த யானைக்கு ஓக்லண்ட்ல 57 வருஷம் தீனி போட்டது டிக்கெட் வாங்கின ஜனங்க. விலை பேசறப்போ அவங்களை யாரும் கேட்கலை.