மஞ்சள் முதல் மின்னூசி வரை

பெண்கள் முகத்து உரோமத்தைக் களையும் பழக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அற்ப விஷயமென்று இதனை ஒதுக்குவோர், சாத்திரம், வாணிகம், வறுமை ஆகிய மூன்றும் இதன் பின்னே நிற்பதைக் கவனிப்பதில்லை.

தமிழ்ப் பெண்ணின் பழைய கருவி மஞ்சள். கல்லில் இழைத்த மஞ்சளோடு பயற்றம் மாவையும் சேர்த்து முகத்தில் அழுத்தித் தேய்த்து வந்தாள். ஆனால் மஞ்சள் வெறும் பூச்சாக இருந்ததா? அது சுமங்கலியின் சின்னமாயிற்று. கணவன் இறந்த அன்றே அதனைப் பூசும் உரிமை பறிபோயிற்று. தன் முகத்தின்மீதுகூடப் பெண்ணுக்கு அதிகாரமில்லை என்பதே இதன் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து இலங்கை மலைகளுக்கு வந்தவர்கள் இப்பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். பசறையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலும் அவர்களுக்குக் கிடைத்தவை லயக் காம்பராக்கள். குடும்பம் முழுவதும் ஒரே அறையில் அடைந்து கிடக்க, பெண்ணுக்குத் தனிமை ஏது? விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையைக் கவனித்து, பெரட்டுக்கு ஓடியவள் கண்ணாடி பார்க்க எந்த நேரத்தைத் தேடுவாள்? ஆணோடு ஒரே மலையில் உழைத்தும் குறைந்த கூலியே பெற்றாள். தோட்டங்களில் சம்பள சமத்துவம் வந்தது 1984ஆம் ஆண்டில்தான்!

மேல்நாட்டின் கதையும் பெருமைக்குரியதன்று. உள்நோக்கி வளர்ந்த இமைமயிரால் வருந்தியோருக்காக அமெரிக்கக் கண் வைத்தியர் சார்ல்ஸ் மிஷெல் 1875இல் மின்னூசி முறையை வெளியிட்டார். நோய்க்குப் பிறந்த முறையை அழகு வாணிகம் தனதாக்கிக்கொண்டது. 1895இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வியன்னாவில் பிராய்ந்து என்னும் வைத்தியர் அதைக்கொண்டு உரோமத்தை அகற்றினார். 1920களில் அமெரிக்க அழகு நிலையங்கள் அக்கதிரை விலைக்கு விற்றன. உரோமம் உதிர்ந்தது, பின்னர் தோல் வெந்தது, புற்றுநோயும் வந்தது. 1930களின் தொடக்கத்தில் கொரெம்லு என்னும் களிம்பு விற்பனைக்கு வந்தது. எலிப் பாஷாணமான தாலியமே அதன் சரக்கு. அதைப் பூசிய பெண்கள் கைகால் விளங்காமல் துன்புற்றனர். அழகுப் பொருள்களைக் கட்டுப்படுத்த அந்நாட்டில் கூட்டாட்சிச் சட்டம் வந்தது 1938இல்தான்.

மூடநம்பிக்கையும் இதில் பங்கு கொள்கிறது. சவரம் செய்தால் உரோமம் தடித்து வளருமென்பது நம் வீடுகளில் கேட்கும் பேச்சு. மில்ட்ரெட் டிராட்டர் என்னும் பெண் அறிஞர் 1928இலேயே இதனைச் சோதித்துப் பொய்யெனக் காட்டினார். வெட்டுப்பட்ட நுனி மழுங்கியிருப்பதால் கைக்குச் சொரசொரக்கிறது, அவ்வளவே. நூலால் களைவதும், சிறு கத்தரியால் நறுக்குவதும், சோப்பு நுரையிட்டுப் புதிய அலகால் மழிப்பதும் வீட்டிலேயே செய்யத்தக்கவை. கடைக் களிம்பாயின், முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒருநாள் பொறுத்துப் பார்ப்பது அறிவுடைமை.

ஆயினும் எல்லா உரோமமும் களைந்தால் தீரும் விஷயமன்று. மாதவிலக்குத் தவறுவதோடு முகத்தில் உரோமம் தடித்து வளர்ந்தால், அது சினைப்பை நீர்க்கட்டி நோயின் அறிகுறியாகலாம். சிகாகோ வைத்தியர்களான ஸ்டைனும் லெவந்தாலும் 1935இலேயே இதனை விவரித்துள்ளார்கள். பரிகாசத்திற்கு அஞ்சி முந்தானையால் முகவாயை மறைக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு வேண்டியது களிம்பன்று, வைத்தியம். அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசம். ஆனால் அங்கே செல்ல ஒருநாள் கூலியை அவள் இழக்கவேண்டும். அந்த ஒருநாளைச் சம்பளத்தோடு பெற்றுத் தருவது தொழிற்சங்கங்களின் கடமையல்லவா?

உரோமத்தைக் களைவதோ விடுவதோ அவள் விருப்பம். அவளை நகைப்பதற்கு மட்டும் எவருக்கும் உரிமையில்லை.