வழியில் வந்த திருநாள்

ஆடி பிறந்துவிட்டால் வாசுதேவநல்லூர் வட்டாரத்து வீடுகளில் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாப் பேச்சுதான். பேருந்து பெருகுவதற்கு முந்திய நாட்களில் அந்தப் பேச்சு மாட்டுத் தொழுவத்தில் தொடங்கும். மாட்டுக்கு லாடம் தேய்ந்திருக்கிறதா, கடையாணி சரியாக இருக்கிறதா, அச்சுக்கு மசகு போட்டாயிற்றா என்று பார்ப்பார்கள். வில்வண்டி வைத்திருந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் நெல்லும் எருவும் ஏற்றும் பார வண்டிக்கே மூங்கிலை வளைத்து, பாயைக் கட்டிக் கூண்டு போட்டுக்கொண்டார்கள். ரயில் பாதை ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் போனதே தவிர, வாசுதேவநல்லூருக்குள் வரவில்லை. அதனால் ரயில் வந்த பிறகும் ஆடித்தபசுக்கு வண்டிதான்.

வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர ராத்திரியே வண்டி பூட்டுவார்கள். பரப்பிய வைக்கோலின்மேல் ஜமுக்காளம், அதன்மேல் பிள்ளைகள். வண்டிக்கு அடியில் லாந்தர் ஆடும். ஓலைக் கொட்டானில் கட்டுச்சோறு. முன் வண்டி மாட்டின் சலங்கைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே பின் வண்டி மாடும் நடக்கும். போய்ச் சேர்ந்தால் கோமதி அம்மன் தபசுக் காட்சி. சிவனும் திருமாலும் ஒன்றே என்று காட்டும் சங்கரநாராயணர் கோலம். விளைந்த பருத்தியையும் வத்தலையும் சனங்கள் சூறை விடும் ஆரவாரம். பிறகு சீரணி மிட்டாய்க் கடை. ஆனால் பிள்ளைகளுக்குத் திருவிழா சங்கரன்கோவிலில் ஆரம்பிப்பதில்லை. வீட்டு வாசலில் வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே அது ஆரம்பித்துவிடும்.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் யார்? 1759-ல் கும்பினிப் படைத் தளபதி யூசுப்கான் இதே வாசுதேவநல்லூரின் கோட்டையை முற்றுகையிட்டு, பாளையக்காரர் பூலித்தேவரிடம் தோற்றுத் திரும்பினார். அந்தப் போரைப் பற்றிக் கும்பினியார் எழுதிய குறிப்புகளில் பீரங்கி உண்டு, சிப்பாய் உண்டு, கோட்டைச் சுவரின் கனம்கூட உண்டு. கோட்டைக்குள் இருந்த பிள்ளைகள் இல்லை. பயணங்களின் வரலாறும் பெரும்பாலும் இப்படித்தான். எங்கோ ஓரிடத்தில் ஒரு பிள்ளையே எழுத்தறிந்து, காகிதமும் வைத்திருந்து, எழுதவும் செய்தால்தான் நமக்கு ஏதாவது கிடைக்கிறது.

அப்படி ஒரு பிள்ளை வர்ஜீனியா ரீடு. 1846-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த வண்டிக் கூட்டத்தில் போனவள். அந்தப் பயணத்தில்தான் அவளுக்குப் பதின்மூன்று வயது நிறைந்தது. சினிமாவில் பார்த்துவிட்டு அந்த வண்டிகளைக் குதிரைகள் இழுத்ததாக நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் எருதுகள்தான் இழுத்தன. ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர், நான்கிலிருந்து ஆறு மாதம். வண்டிக்குள் மாவும் பன்றிக்கறியும் தட்டுமுட்டும் நிறைந்திருக்க, பிள்ளைகள் பெரும்பாலும் பக்கத்தில் நடந்தார்கள். ரீடு குடும்பம் வசதியானது. பக்கவாட்டில் படி வைத்து, உள்ளே அடுப்பும் வைத்துப் பெரிய வண்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நோயாளியான பாட்டிக்காகச் செய்த சௌகரியம் அது. பாட்டி சாரா கீஸ் மே மாதமே கான்சாஸ் பக்கம் இறந்துபோனார், வழியிலேயே புதைத்தார்கள்.

ஜூலை 4 அவர்களுடைய சுதந்திர தினம். மேற்கே போகும் வண்டிக் கூட்டங்களுக்கு அது நாள்காட்டியும்கூட. இன்றைய வயோமிங் மாநிலத்தில் சமவெளியில் தனியாக நிற்கும் ஒரு பெரும் கருங்கல் குன்றுக்கு இன்டிபென்டன்ஸ் ராக் என்று பெயர். ஜூலை 4-க்குள் அதை எட்டிவிட்டால் பனி விழுமுன் மலையைத் தாண்டிவிடலாம் என்பது கணக்கு. வர்ஜீனியாவின் கூட்டம் அன்று இன்னும் பின்னால்தான் இருந்தது. இருந்தும் வண்டிகளை நிறுத்திக் கொண்டாடினார்கள். புறப்படும்போது ஊர் நண்பர்கள் அவள் அப்பாவிடம் ஒரு புட்டி மது கொடுத்திருந்தார்கள். ஜூலை 4 நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் கிழக்கே பார்த்துக் குடிக்க வேண்டும், ஊரில் அவர்கள் மேற்கே பார்த்துக் குடிப்பார்கள் என்று ஏற்பாடு. அப்பா அதைக் கூட்டத்தாருக்குப் பகிர்ந்தார். பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சர்பத். எட்டு நாள் கழித்து, ஜூலை 12 அன்று, இன்டிபென்டன்ஸ் ராக் என்று இடம் குறித்து மாமன் மகளுக்கு எழுதிய கடிதத்தில், எழுத்துப்பிழைகள் மலிய, அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையை அறிந்த நமக்குச் சர்பத் பெரிய விஷயமில்லை. வறண்ட சமவெளியில் அன்று அது பெரிய விஷயமாக இருந்ததால்தான் கடிதத்தில் ஏறியது.

அவர்கள் கொண்டாடிய அந்த மண் லகோட்டா, செயென் மக்களின் வேட்டை நிலம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தாமதத்துக்கு அந்தக் கூட்டம் பெரும் விலை கொடுத்தது. டானர் கூட்டம் என்று வரலாறு அறிவது இவர்களைத்தான். குறுக்குவழி என்று நம்பிப் போய், சியரா நெவாடா மலையில் பனியில் மாட்டிக்கொண்டார்கள். அதற்கு முன்பே அப்பாவைக் கூட்டம் விலக்கியனுப்பிவிட்டதால், நான்கு பிள்ளைகளோடு தாய் மார்கரெட் தனியாக இருந்தார். மாடுகள் போயின, தோலை வேகவைத்துத் தின்னும் நிலை. அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் வந்தது. மார்கரெட் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அவரை, சில உலர்ந்த ஆப்பிள் துண்டுகள், மாட்டுக் குடலில் கொஞ்சம், சிறு துண்டு பன்றிக்கறி ஆகியவற்றை ஒளித்துவைத்திருந்தார். அன்று எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுப் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடவைத்தார். அடுத்த வேளைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த ஒரு தாய், அந்த ஒரு நாளைப் பிள்ளைகளுக்குப் பண்டிகையாகவே கொடுத்தாள். கூட்டத்தில் பாதிக்குக் கிட்ட மாண்டார்கள். மார்கரெட்டின் நான்கு பிள்ளைகளும் பிழைத்தார்கள். வர்ஜீனியாவின் எட்டு வயதுத் தங்கை பேட்டி (Patty) ரீடு ஒளித்துக் கொண்டுவந்த சின்ன மரப்பொம்மை இன்றும் சாக்ரமென்டோவில் இருக்கிறது.

அதே காலத்தில் நம்மவர்களும் நடந்துகொண்டிருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரை, திருச்சிப் பக்கமிருந்தும் கங்காணிமாரின் பின்னால் கிளம்பி, கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று இலங்கை மலையகக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள். அவர்களுக்கு வண்டி இல்லை, நடைதான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியெங்கும் விழுந்தார்கள். முதலில் பெரும்பாலும் ஆண்கள். காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தபின் பெண்களும் பிள்ளைகளும் பெருகினார்கள். அந்த வழியில் வந்த பொங்கலையும் தீபாவளியையும் எந்தப் பிள்ளை எப்படிக் கழித்தது என்று சொல்லும் ஒரு கடிதம்கூட என் கண்ணில் பட்டதில்லை. கையொப்பத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மட்டும் அந்த வழியில் இன்றும் நிற்கிறது. மாசி மகத்துக்குத் தேர் ஓடுகிறது.

வர்ஜீனியாவின் துயரம் நமக்குத் தெரிவது அது பெரிது என்பதால் மட்டுமல்ல. அவளுக்கு எழுதத் தெரிந்திருந்தது, கடிதத்தை எதிர்பார்க்க ஓர் ஆள் இருந்தாள், பாதுகாக்க ஓர் ஊர் இருந்தது.

தபசுக்கு வண்டியில் போன பிள்ளைகளில் சிலர் எண்பதைத் தாண்டி நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பாதையில் போனீர்கள், எங்கே மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினீர்கள், கொட்டானில் என்ன சோறு இருந்தது, யார் வழியெல்லாம் கதை சொன்னார் என்று இந்த ஆடிக்குள் அவர்களிடம் கேட்டு, தேதி போட்டு எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைகளே எழுதினால் இன்னும் நல்லது. எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்.