மலபார் விதையும் சாவகக் காப்பியும்

ஐதராபாத்தின் வடபுறத்தே, ஆலைகள் நிறைந்த ஜீடிமெட்லாவில் வாழும் தமிழர் சிலர், ஞாயிறு காலைகளில் ஒருவர் இல்லத்தில் மற்றவர் கூடிக் காப்பி அருந்துவது வழக்கம். தேநீருக்குப் பெயர்பெற்ற நகரத்தில் வாழ்ந்தும் பித்தளை வடிகட்டியைக் கைவிடாதவர்கள் நாங்கள். அண்மையில் நண்பர் ஒருவர் சுமத்திராக் காப்பிக்கொட்டை கொணர்ந்தார். சிக்கரி கலவாமல் அரைத்து, டிகாக்‌ஷன் இறக்கிப் பருகினோம். புளிப்பே இல்லை. கனத்த சாரம், முதல் மழையில் நனைந்த மண்ணின் வாசனை. “நெற்குதிரைத் திறந்தாற்போல் இருக்கிறதே” என்றார் நண்பரின் தாயார். பிறகு, “அந்தத் தேசத்தாருக்குக் காப்பி ஏது? யார் கொடுத்தார்கள்?” என்றும் வினவினார்.

இவ்வினாவுக்கு விடை நம் மேற்குக் கரையில் இருக்கிறது.

சாவகம் தமிழருக்குப் புதிய பெயரன்று. வற்கடம் வந்துற்ற சாவக நாட்டுக்கு அமுதசுரபியை ஏந்திக் கப்பலேறிய ஆபுத்திரனை மணிமேகலை படித்தோர் அறிவர். ஆனால் அந்நாளில் காப்பி நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. எத்தியோப்பியக் காடுகளில் தோன்றிய அச்செடியைப் பயிராக்கியவர்கள் ஏமன் நாட்டு அரபியர். மோக்கா துறைமுகத்தின் வழியே நெடுங்காலம் அவர்களே உலகுக்குக் காப்பி விற்றனர். முளைக்கும் விதை வெளியே போகாதவாறு காத்தனர் என்பர். பாபா பூதன் என்னும் சூஃபிப் பெரியார் ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து, சிக்மகளூர் அருகே சந்திரகிரி மலையில் 1670-ஆம் ஆண்டளவில் நட்டார் என்பது செவிவழிச் செய்தி. அம்மலை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும் இதனை மெய்ப்பிக்கும் ஓலையோ கல்வெட்டோ இல்லை. அரபு வணிகர் இடையறாது வந்துபோன மலபார்க் கரைக்கு அவர்கள் வாயிலாகவே செடி வந்திருத்தலும் கூடும் என்பது என் கருத்து.

ஐயத்துக்கு இடமின்றித் தெரிவது இதன் பின் நிகழ்ந்ததே. 1663-இல் கொச்சியையும் கண்ணூரையும் போர்ச்சுகீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். மோக்காவில் பொன் கொடுத்து வாங்கும் பண்டத்தைத் தம் ஆட்சியிலுள்ள மண்ணிலேயே விளைவித்தால் என்ன என்னும் எண்ணம் ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவர் நிக்கோலாஸ் விட்சனுக்கு எழுந்தது. அவர் தூண்டுதலால், மலபாரில் ஒல்லாந்தர் தலைவராயிருந்த அட்ரியான் வான் ஓமன், 1696-இல் காப்பி நாற்றுக்களைப் பத்தேவியாவுக்கு அனுப்பினார். அதுவே இன்றைய ஜக்கார்த்தா. அருகே கெடாவுங் என்னும் தோட்டத்தில் அவற்றை நட்டனர். வெள்ளம் வந்து அழித்தது. 1699-இல் ஹென்ரிக்கஸ் ஸ்வார்டக்ரூன் மீண்டும் மலபாரிலிருந்தே கன்றுகளைக் கொண்டுசென்றார். இம்முறை வேரூன்றின. அவரே பின்னாளில் பத்தேவியாவின் தலைமை ஆளுநர் ஆனார்.

1706-இல் சாவகத்துச் செடி ஒன்று ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்தை அடைந்தது. அதன் கன்றொன்றை 1714-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசளித்தனர். அவ்வழித் தோன்றிய செடிகள் மார்த்தினிக் தீவுக்கும் அங்கிருந்து அமெரிக்க நாடுகளுக்கும் பரவின. இக்குடும்பத்தை இன்று ‘டிப்பிக்கா’ என்று அழைக்கின்றனர். அது ஏமனிலிருந்து இந்தியா வழியாகவே சாவகம் சென்றது என்பதற்கு மரபணு ஆய்வுகளும் துணை நிற்கின்றன. ஆனால் உலக வழக்கில் புகழ் சென்றது எங்கே? அமெரிக்கர் பேச்சில் ‘ஜாவா’ என்றாலே காப்பி. விதை தந்த மலபாரின் பெயர் அதில் இல்லை.

அப்புகழும் சாவக உழவனுக்குக் கிட்டியதன்று. மேற்குச் சாவகத்தின் பிரியாங்கான் மலைநாட்டில், குடியானவர் காப்பி பயிரிட்டு, கும்பினி குறித்த விலைக்கே அளக்கவேண்டும் என்பது விதி. கும்பினி மறைந்தபின்னும் அம்முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. 1830-இல் ஆளுநர் வான் டென் பாஷ் கட்டாயப் பயிர் முறையைச் சாவகம் முழுதும் விரித்தார். இக்கொடுமையை 1860-இல் ‘மாக்ஸ் ஹவலார்’ என்னும் நாவலாக்கியவர், அங்கே அதிகாரியாயிருந்து பதவி துறந்த டவுவஸ் டெக்கர். கதையின் தொடக்கத்தில் பேசுபவன் ஓர் ஆம்ஸ்டர்டாம் காப்பித் தரகன்! அதே காலத்தில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நம்மவர் ஆயிரக்கணக்கில் மன்னார் வழியே காட்டுப்பாதையில் நடந்து போயினர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். பிழைப்புக்கென ஊர்விட்டு வந்த நமக்கு அந்நடையை எண்ணிப் பார்ப்பது கடினமன்று.

1869-இல் இலங்கையில் இலைத்துரு நோய் தோன்றிற்று. சில ஆண்டுகளில் காப்பி போய்த் தேயிலை வந்தது. 1876-க்குள் நோய் சுமத்திராவையும் சாவகத்தையும் எட்டியது. தாழ்நிலத்து அராபிகா அழிந்தது. மேட்டு நிலத்தில் மட்டும் எஞ்சியது. 1900-ஐ ஒட்டி, நோய் தாங்கும் ரொபஸ்டா புகுந்தது. இந்தோனீசிய விளைச்சலில் பெரும்பகுதி இன்று அதுவே. பெயர்பெற்ற சுவையோ அராபிகாவுக்குரியது: சுமத்திராவின் மாண்டெலிங், அச்சே மலையின் காயோ, சுலாவெசியின் தொராஜா.

அம்மண்வாசனை மண்ணால் மட்டும் வருவதன்று, பக்குவத்தால் வருவது. பிற நாடுகளில் கொட்டையை நன்கு உலர்த்திய பின்பே அதை மூடியுள்ள காகிதம் போன்ற உறையை நீக்குவர். சுமத்திராவில் ஓயாத மழை. உழவனுக்கோ உடனே பணம் வேண்டும். ஆகவே ஈரம் முப்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போதே உறையை நீக்கி, பின்பு காயவைக்கின்றனர். ‘கிலிங் பாசா’ என்பது அதன் பெயர்; ‘ஈர அரைப்பு’ என்று நான் மொழிபெயர்ப்பேன். மென்மையான அக்கொட்டை நீலங்கலந்த பசுமை நிறம் கொள்ளும். புளிப்புக் குன்றிச் சாரம் கனக்கும். மரநாய் தின்று கழித்த கொட்டைக்குப் பெருவிலை கூறுவாரும் உளர். அப்பிராணிகளைக் கூண்டிலடைத்து ஊட்டும் செய்தியைக் கேட்டபின் எனக்கு அதில் விருப்பமில்லை.

ஈரம் சுவையாவது நம் கரையிலும் உண்டு. பாய்மரக் கப்பலில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் சென்ற மலபார்க் காப்பி, கடற்காற்றில் ஊதி வெளிறி ஐரோப்பாவை அடைந்தது. சூயசு கால்வாயும் நீராவிக் கப்பலும் வந்து பயணம் சுருங்கியபோது, பழகிய அச்சுவை காணோம் என்று வாங்குவோர் முறையிட்டனர். அதனால் இன்றளவும் மேற்குக் கரைக் கிடங்குகளில், தென்மேற்குப் பருவக் காற்றில் கொட்டைகளைப் பரப்பி அப்பக்குவத்தை வரவழைக்கின்றனர்.

இந்தியாவின் கொடை 1699-உடன் நின்றுவிடவில்லை. சிக்மகளூர் மாவட்டத்துப் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தார் 1940-களில் எஸ்.795 என்னும் வகையை உருவாக்கினர். துருநோயை ஓரளவு தாங்கும் இவ்வகை 1950-களில் இந்தோனீசியாவுக்குச் சென்றது. கிழக்குச் சாவகத்து ஜெம்பர் நகர ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பியதால் அங்கே ‘ஜெம்பர்’ என்றே வழங்குகிறது. இம்முறையும் நம் பெயர் விட்டுப்போயிற்று!

இவ்வளவையும் அம்மையாரிடம் கூறினேன். அங்கே காப்பி அருந்தும் இடத்தை ‘கெடாய் கோப்பி’ என்பார்கள், ‘கெடாய்’ நம் ‘கடை’யே என்றும் சொன்னேன். “சொல்லாவது நம்முடையதாகவே நின்றதே” என்று நகைத்து, அடுத்த வாரத்துக்குச் சிக்கரி கலந்த நம் தூளையே போடும்படி மகனிடம் கூறிவிட்டார்.