கைக்குள் மடங்கும் தொலைபேசியும் நம் தோட்டத்து அலைவரிசையும்



பரிசளிப்பு விழா மலரில் ஆசிரியர் ஒருவர் சரித்திரம் எழுதுகிறார் என்றால், கடாரம் வென்ற சோழனைப் பற்றியோ கப்பலேறி வந்த நம் முன்னோரைப் பற்றியோதான் எழுதுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் எழுதப்போவது நம் தாத்தா பாட்டிமார் சட்டைப் பையிலும் இடுப்பு மடிப்பிலும் கிடக்கிற சின்ன மடக்குப் போனைப் பற்றி. இதற்குமா சரித்திரம் என்று சிரிக்க வேண்டாம். உண்டு. அது தெரியாததால் எங்கள் குடும்பம் இரண்டு முறை ஏமாந்திருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் வெகுகாலம் ஒரே தொலைபேசிதான். அது ஆபீசில் கிராணியார் மேசைமேல் இருக்கும். வெளியிலிருந்து சாவுச் செய்தி வந்தால், ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தீம்பாருக்குள் போய் ஆளைத் தேட வேண்டும். அவர் போய்ச் சேர்வதற்குள் அங்கே பிணத்தை எடுத்துவிடுவார்கள் என்று அப்பா சொல்வார்.

கையில் எடுத்துச் செல்லும் தொலைபேசியில் உலகின் முதல் அழைப்பு 1973 ஏப்ரல் 3ஆம் நாள் நியூயார்க் வீதியில் நடந்தது. பேசியவர் மோட்டோரோலா நிறுவனத்தின் மார்ட்டின் கூப்பர். நம் நாட்டில் 1985இல் தொலைபேசி இலாகா 'ஆத்தூர்' என்னும் சேவையைத் தொடங்கிற்று. 450 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஓடிய அந்தக் கருவி ஒரு சுமை. விலையோ ஆயிரக்கணக்கான வெள்ளி. நம்மவர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்! அடுத்து செல்கோம் 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் வந்தது. ஆத்தூர் கருவி அந்த அலையில் பேசாது. இந்த இடத்தை நினைவில் வையுங்கள், கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

மடக்குகிற வித்தையைப் பிரபலமாக்கியதும் மோட்டோரோலாதான். 1989இல் வந்த மைக்ரோடாக் போனில் வாய்ப்பக்கம் மட்டும் ஒரு மூடி மடங்கும். 1996இல் வந்த ஸ்டார்டாக் சிப்பியைப் போல் முழுதாக மூடிக்கொண்டது. எடை 88 கிராம்தான். அதே மோட்டோரோலாவின் அரைக்கடத்தி ஆலை ஒன்று நம் சிரம்பான் செனவாங்கிலேயே இருந்தது. 1999இல் அது ஆன் செமிகண்டக்டர் என்று தனி நிறுவனமாகப் பிரிந்தது. லயத்து வாசலில் விடியற்காலையில் வந்து நிற்கும் பேக்டரி பஸ்ஸில் ஏறிப்போன நம் அக்காமார் எத்தனை பேர், எந்தப் போனுக்குள் போகும் பாகத்தைத் தொட்டார்களோ!

1995இல்தான் நாடு ஜிஎஸ்எம் முறைக்கு வந்தது. 012 என்றால் மேக்சிஸ், 019 என்றால் செல்கோம். இரண்டும் 900 அலையில் இருந்தன. 016 என்றால் முத்தியாரா, பிற்பாடு டிஜி. அது 1800 அலை. ஆரம்பகாலப் போன்கள் ஒரே அலைதான் பிடிக்கும். 900க்குச் செய்த போனில் 016 சிம்மைப் போட்டால் செத்த பிணம்தான். இரண்டு அலையும் பிடிக்கும் போன்கள் அப்புறம்தான் வந்தன.

அலைக்கு அலை என்ன வித்தியாசம் என்று மாணவர்கள் கேட்பீர்கள். திருவிழாவில் உறுமி அடித்தால் அடுத்த டிவிஷனுக்குக் கேட்கிறது. சலங்கைச் சத்தம் கோயில் வாசலைத் தாண்டுவதில்லை. குறைந்த அலை உறுமி மாதிரி, மேட்டையும் மரத்தையும் ஓரளவு சுற்றிக்கொண்டு தூரம் போகும். தித்திவாங்சா மலைத்தொடரின் வால் நம் நெகிரி செம்பிலானில்தான் முடிகிறது. ஜெலுபு, கோலப்பிலா பக்கம் எங்கு பார்த்தாலும் மேடும் பள்ளமும். பள்ளத்தில் லயம் இருக்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல.

இனி நாங்கள் ஏமாந்த கதை. 2001, நான் ஆறாம் ஆண்டு மாணவன். செனவாங் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை செய்த மாமாவைப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். திரும்பும்போது அம்மாவுக்கென்று வெள்ளிநிறத்தில் ஒரு மடக்குப் போன் வாங்கி வந்தார். அத்தனை அழகு! லயமே கூடி வந்து திறந்து மூடிப் பார்த்தது. ஆனால் இங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஜப்பானில் அப்போது இருந்தது பிடிசி என்னும் முறை. அந்நாட்டைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. அமெரிக்காவிலும் ஜிஎஸ்எம் 850, 1900 அலைகளில்தான் ஓடியது. ஆகவே வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் போன் இங்கே பேசும் என்று நம்பிவிட முடியாது. அம்மா அந்தப் போனைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார்.

இரண்டாவது ஏமாற்றத்துக்கு நானேதான் காரணம். 2020இல் பட்டணத்துக் கடையில் மலிவாகக் கிடைத்ததே என்று அம்மாவுக்கு ஒரு மடக்குப் போன் வாங்கினேன். அது 2ஜி, 3ஜி மட்டும் பிடிக்கும். நம் நாட்டில் 2005இல் வந்த 3ஜி, 2021 முடிவோடு படிப்படியாக நிறுத்தப்பட்டது. பத்திரிகையில் வந்ததுதான், படித்தும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் பள்ளத்தில் 2ஜி எட்டியும் எட்டாமலும் இருக்கும். ஒருநாள் குழாயடியில் வழுக்கி விழுந்த அம்மா, போனைத் திறந்து திறந்து அமுக்கியிருக்கிறார். லைன் இல்லை. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இடுப்பெலும்பு தப்பியது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம்.

ஆகவே பெரியவர்களுக்குச் சின்னப் போன் வாங்கும்போது, பெட்டியில் 4ஜி என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது மட்டும் போதாது. 4ஜி வழியாகவே பேசும் வசதிக்கு 'வோல்ட்இ' என்று பெயர். அது போனிலும் இருக்க வேண்டும், உங்கள் கம்பெனியும் அந்தப் போனுக்கு அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால், பேசத் தொடங்கியதும் போன் 2ஜிக்கு இறங்கிவிடும். கடைக்காரர் "எல்லாம் ஓடும், சார்" என்பார். உங்கள் சிம்மை அங்கேயே போட்டு, ஒருவரைக் கூப்பிட்டு, பேசும்போது 4ஜி அடையாளம் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். எண்ணைப் பார்த்துக் கம்பெனியைச் சொல்லிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி 2008இலேயே வந்துவிட்டது; செல்கோமும் டிஜியும் 2022 கடைசியில் ஒன்றாகிவிட்டன. அலைவரிசைப் பட்டியலில் 900 இருந்தால் தோட்டத்துக்கு நல்லது. அக்கம்பக்கத்தில் யாருடைய லைன் நிற்கிறது என்று கேட்டு, அந்தக் கம்பெனி சிம்மையே எடுங்கள்.

அம்மாவிடம் இப்போது இருப்பது 2022இல் வந்த நோக்கியா 2660 மடக்குப் போன். பெரிய பொத்தான்கள், ஆபத்தில் அமுக்க ஒரு தனிப் பொத்தானும் உண்டு. என்மேல் கோபம் வந்தால் பேச்சை முடித்து 'டக்' என்று மூடிவிடுகிறார். அந்தச் சத்தம் எனக்குக் காதில் தேன்!

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனில் சந்தேகம் இருந்தால், பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், வழியில் தொலைத்துவிடுவார்கள். பள்ளி விட்டதும் நீங்களே எடுத்து வாருங்கள். ஆசிரியர் அறையில் இருப்பேன், பார்த்துச் சொல்கிறேன்.